மூடி போட்ட நகரம்

கண்டி தலதா மாளிகைக்கு முன்னால் இன்று வாகனங்கள் ஓடுவதில்லை. நகரத் திட்டம் போட்டு யாரும் செய்த மாற்றமல்ல இது. 1998 ஜனவரி 25இல் மாளிகை மீது நடந்த லொறிக் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புக்காக மூடிய வீதி, அப்படியே நடைவீதியாகிவிட்டது. மாளிகை வாசலில் ஹோர்ன் சத்தமும் புகையும் குறைந்தன. வாகனங்கள் குறைந்தனவா? இல்லை. அவை வாவியைச் சுற்றியும், நகருக்குள் இருக்கும் ஒடுங்கிய தெருக்களிலும் புகுந்தன.

1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நகரம் இது. வாவியை வெட்டுவித்தவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் (கண்ணுச்சாமி என்ற இயற்பெயரை நம்மவர்கள் விடாமல் சொல்வார்கள்). யானையும் பல்லக்கும் போன தெருக்களில் இப்போது கொழும்பு, யாழ்ப்பாணம், மகியங்கனை வீதிகளில் வரும் வாகனங்கள் வந்து விழுகின்றன.

இட நெருக்கடியை விடப் பெரிய சிக்கல் காற்று. வழமையாக உயரே போகப் போகக் குளிர் கூடும். தரையில் சூடாகும் காற்று மேலெழுந்து புகையையும் கொண்டு போய்விடும். மலைகள் சூழ்ந்த கண்டியில் தெளிந்த இரவுகளில் இது மாறிவிடுகிறது. சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்து, வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேலே சூடான காற்று, சட்டிக்கு மூடி போட்டதுபோல் நிற்கும். புவியியல் பாடத்தில் வரும் வெப்பநிலை நேர்மாறல் இதுதான். வெயில் ஏறித் தரையைச் சூடாக்கும்வரை மூடி திறக்காது.

அந்த மூடி கிடக்கும் நேரத்தில்தான் பாடசாலை மணியும் அடிக்கிறது. ஏழரைக்குள் பிள்ளையை இறக்க வான்களும் கார்களும் முண்டியடிக்கும். ஏற்றத்தில் நின்று நின்று கிளம்பும் பழைய பஸ்ஸில் டீசல் முழுதாக எரியாமல் கரித்துகளாக வெளியேறும். ஒரு மில்லிமீற்றரின் நானூறில் ஒரு பங்கும் அதற்குக் குறைவுமான துகள்கள் மூக்கில் தங்காமல் நுரையீரலின் சிற்றறைவரை போய்விடும். மணிக்கூட்டுக் கோபுரத்தருகே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குத் துணி காவலாகாது.

ஆகவே ஒரு தெருவை மூடி அடுத்த தெருவுக்குத் திருப்பிவிடும் வைத்தியம் இங்கே பாதிதான் பலிக்கும். புகை அதே பள்ளத்துக்குள்தான் சுற்றும். உள்ளே வரும் எஞ்சின்களின் எண்ணிக்கை குறைய வேண்டும், அதுவும் விடிகாலையில். 'சிசு செரிய' மாணவர் பஸ் ஒன்று நிறைந்து வந்தால் எத்தனையோ கார்கள் வீட்டிலேயே நிற்கும். அந்த மாணவர் பஸ்களைப் பெருக்குவதும், அவை ஓடும் வழிகளுக்கு முதலில் மின்பஸ் விடுவதும் பெரிய விஞ்ஞானமல்ல.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், குட்ஷெட்டில், உலக வங்கிக் கடனில் பல்வகைப் போக்குவரத்து முனையம் கட்டத் தொடங்கினார்கள். பஸ்களை ஓரிடத்தில் ஒழுங்குபடுத்த அது உதவும். ஆனால் என் கண் போவது பக்கத்துத் தண்டவாளத்தில். கோப்பிக் காலத்தில், 1867இல் கண்டிக்கு வந்த பாதை 1880இல் மாத்தளைக்கு நீண்டது. பேராதனை, கண்டி, மஹியாவ, கட்டுகஸ்தோட்டை என்று, வீதி நெரிசல் எங்கெல்லாமோ அங்கெல்லாம் அது போகிறது. காலையில் இரண்டு மூன்று பெட்டிகளோடு அடிக்கடி ஓடும் சிறு ரயிலுக்குப் புது நிலம் பிடிக்கவோ மலையைக் குடையவோ வேண்டியதில்லை. கடவைகளையும் சமிக்ஞைகளையும் சீராக்கி, அது வந்து நிற்கும் நேரத்துக்கு முனையத்து பஸ்களைப் பொருத்தினால் போதும்.