விசையில் இருக்கிறது குறி

கைத்துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவது சினிமாவில் தெரிவதைவிடப் பல மடங்கு கடினம். குழாயின் முனையில் ஒரு சிறு முள்ளும் பின்பக்கம் ஒரு பள்ளமும் இருக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துக் குறி பார்க்க வேண்டும். போலீஸ் பிஸ்டல்களில் இவற்றுக்கு இடையே உள்ள தூரம் பெரும்பாலும் 15 செ.மீ. அளவுதான். முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் 7 மீட்டரில் தோட்டா ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளிப் பாயும், 25 மீட்டரில் விலகல் 17 செ.மீ. நீண்ட குழாயும் தோளில் ஊன்றும் கட்டையும் உள்ள ரைபிளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

துப்பாக்கியை ஓர் இரும்புப் பிடியில் இறுக்கி வைத்துச் சுட்டால், தோட்டாக்கள் ஒரே இடத்தைச் சுற்றித்தான் துளைக்கும். ஆக, பிழையில் பெரும்பங்கு கையினுடையது. அதிலும் விசையை இழுக்கும் விரலினுடையது. தோட்டா நிரப்பிய பிறகும் பல பிஸ்டல்களின் எடை ஒரு கிலோவுக்குள்தான். அதன் விசையை இழுக்கத் தேவைப்படுவதோ இரண்டரை முதல் ஐந்து கிலோ வரையிலான அழுத்தம். தன் எடையைப் போல் சில மடங்கு வலுவோடு இழுக்கப்படும் பொருள் அசையாமல் நிற்பது எப்படி? வெடிச்சத்தத்தையும் உதைப்பையும் எதிர்பார்த்து மணிக்கட்டு முன்கூட்டியே சுருங்குவதும் இதோடு சேர்ந்துகொள்ளும். வலக்கைப் பழக்கமுள்ள புதியவர்களின் தோட்டாக்கள் இலக்குக்குக் கீழே இடப்பக்கமாகப் போய் விழுவது பயிற்சிக் களங்களில் வாடிக்கை.

ஆனால் அமெரிக்காவில் முதலில் பழி விழுந்தது தோட்டாவின் மேல். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமி நகரில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் மடக்கினார்கள். மோதலின் தொடக்கத்திலேயே மைக்கேல் பிளாட் என்ற கொள்ளையன்மேல் ஒரு 9 மி.மீ. தோட்டா பாய்ந்தது. கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்பாக அது நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள்.

அதன் பிறகு எஃப்.பி.ஐ. ஒரு சோதனை முறையை வகுத்தது. உடல் தசைக்கு ஈடாக ஜெலட்டின் கட்டியை வைத்து, அதன் மேல் துணி, கண்ணாடி, தகடு போன்றவற்றை மறைப்பாக்கிச் சுட்டுப் பார்ப்பார்கள். தோட்டா குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும். 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பின்னால் நிற்கும் அப்பாவிக்கு ஆபத்து.

முனையில் குழி உள்ள தோட்டாவைப் போலீஸார் விரும்புவதற்கும் இதுவே காரணம். உடலில் புகுந்ததும் அது விரிந்து வேகம் குறையும். மறுபக்கம் வெளியேறும் வாய்ப்பு குறைவு. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் தொழிற்சாலையில் ஆங்கிலேயர் செய்த விரியும் தோட்டாக்கள் கிளப்பிய எதிர்ப்பால், 1899இல் ஹேக் மாநாடு அவ்வகையைப் போரில் தடை செய்தது. போர்க்களத்தில் கூடாதென்ற தோட்டா நகரத் தெருவில் பாதுகாப்பானதாகக் கருதப்படுவது விசித்திரந்தான். ஆனாலும் நியூயார்க் போலீஸ் 1998இல் அதற்கு மாறியது.

எஃப்.பி.ஐ.யோ பெரிய தோட்டாவைத் தேடிப் போனது. முதலில் 10 மி.மீ. வந்தது. உதைப்பு பலருக்குத் தாங்கவில்லை, வெடிமருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்த பிறகு அத்தனை நீளத் தோட்டாக்கூடு எதற்கு என்ற கேள்வி எழ, 1990இல் குட்டையான .40 தோட்டா பிறந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2014இல், எஃப்.பி.ஐ. மீண்டும் 9 மி.மீ.க்கே திரும்ப முடிவெடுத்தது. புதிய 9 மி.மீ. தோட்டாக்கள் அதே ஜெலட்டின் சோதனையில் தேறிவிட்டன. உதைப்பு குறைவு என்பதால் பெரும்பாலோர் வேகமாகவும் துல்லியமாகவும் சுட்டார்கள். மோதல்களில் அதிகாரிகள் சுடும் தோட்டாக்களில் 70 முதல் 80 சதவீதம் இலக்கைத் தவறுகின்றன என்று அதன் அறிக்கையே ஒப்புக்கொண்டது. படாத தோட்டா எத்தனை பெரிதாக இருந்து என்ன பயன்?

விசையின் கதை நியூயார்க்கில் நடந்தது. அங்கே 1990களில் ரிவால்வரை விட்டு பிஸ்டலுக்கு மாறியபோது, தவறுதலாக வெடித்துவிடுமோ என்ற அச்சத்தில் விசையை 12 பவுண்டாக, அதாவது ஐந்தரைக் கிலோவாக இறுக்கினார்கள். சாதாரண கிளாக் பிஸ்டலின் விசை அதில் பாதிதான். ராண்ட் ஆய்வு நிறுவனம் 1998 முதல் 2006 வரையிலான சம்பவங்களை ஆராய்ந்தபோது, எதிரியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் நியூயார்க் போலீஸாரின் தோட்டாக்களில் 18 சதவீதமே இலக்கில் பட்டது தெரிந்தது. எதிரி சுடாதபோதும் 30 சதவீதந்தான். பதற்றம், இருட்டு, ஓட்டம் எல்லாம் இதில் சேரும். விசை மட்டும் குற்றவாளி அல்ல. 2012இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வெளியே இரு போலீஸார் ஒரு கொலையாளியை நோக்கி 16 முறை சுட்டபோது, வழிப்போக்கர் ஒன்பது பேர் தோட்டாவாலோ அதன் சிதறலாலோ காயமடைந்தார்கள்.

கடின விசை விபத்தைக் குறைக்கும் என்ற வாதம் பொய்யல்ல. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கான விலையைத் தெருவில் நிற்பவர்கள் கொடுக்க நேர்கிறது. விரலை விசைக்கு வெளியே வைத்திருக்கும் பழக்கத்தைப் பயிற்சியில் ஊட்டுவதுதான் சரியான வழி. ஸ்பிரிங்கை இறுக்குவது அதற்கு மாற்றாகாது. 2021இல் நியூயார்க் போலீஸும் புதிதாகச் சேர்பவர்களுக்கு மெல்லிய விசை கொண்ட பிஸ்டல்களைத் தர முன்வந்தது.