உழவு இயந்திரம் ஏற்றும் டிரெயிலருக்கு மின் வின்சு தெரிதல்

மாத்தளை மாவட்டத்தின் நிலம் ஒரே தன்மையானதன்று. தெற்கே உக்குவளை, ரத்தோட்டைப் பகுதிகளில் மிளகும் கறுவாவும் வளரும் மலைச்சரிவுகள் உள்ளன. வடக்கே கலேவெல, தம்புள்ளைப் பகுதிகளில் வயல்களும் மரக்கறித் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் லக்கலை, வில்கமுவ வயல்வெளிகள் அமைந்துள்ளன. ஆதலின் உழவு இயந்திரம் ஒன்று நடு வயலிற் பழுதுற்றால், திருத்துமிடத்திற்கு அதனைக் கொண்டு செல்லும் வழி பெரும்பாலும் நீண்டதாகவும் ஏற்ற இறக்கம் உடையதாகவும் இருக்கும்.

போக ஆரம்பக் கூட்டத்திற் குறிக்கப்பட்ட நாளிலே வாய்க்காலில் நீர் திறந்துவிடப்படுகின்றது. இயந்திரம் திருந்தி வரும்வரை அந்நீர் காத்திராது. உழவு ஒரு வாரம் பிந்தினால் விதைப்புப் பிந்தும்; விதைப்புப் பிந்தினால் போகத்தின் இறுதியிற் பயிர் நீரின்றி வாடும். இதனாலேயே பலர் அவசரப்பட்டு, இயங்காத இயந்திரத்தைப் பத்துப் பேர் கூடிப் பலகை வழியே டிரெயிலரில் தள்ளி ஏற்ற முற்படுகின்றனர். ஈரப் பலகையில் ஒருவர் கால் வழுக்கினாலும் இரண்டாயிரம் கிலோகிராம் எடை பின்னோக்கி உருளும். கை கால்களும், சில வேளைகளில் உயிரும், இவ்வாறே இழக்கப்படுகின்றன.

இவ்விடரைத் தவிர்க்க உதவுவது மின் வின்சு. பற்றரியின் மின்னால் இயங்கும் மோட்டர், பற்சில்லுகளின் வாயிலாக ஓர் உருளையைச் சுழற்றி, அதிற் சுற்றப்படும் வடத்தால் இயந்திரத்தை மெல்ல மேலே இழுக்கின்றது. எனினும் தவறாகத் தெரியப்பட்ட வின்சு, வின்சு இல்லாமையினும் கேடு பயப்பதாகும்.

இழுவை வலுவைக் கணித்தல்

முதலில் அறியவேண்டியது ஏற்றப்படும் இயந்திரத்தின் எடையாகும். 45 முதல் 50 குதிரைவலுவுள்ள நாற்சில்லு உழவு இயந்திரம் ஏறத்தாழ 2,000 கிலோகிராம் எடையுள்ளது. பின்னே சுழற்கலப்பை பூட்டப்பட்டிருந்தாலும், பின் ரயர்களில் நீர் நிரப்பப்பட்டிருந்தாலும் எடை மேலும் பல நூறு கிலோகிராம் கூடும். இவற்றைக் கழற்றியோ வடித்தோ ஏற்றுவது நன்று. இயலாதெனில் கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

டிரெயிலரின் தளம் நிலத்திலிருந்து 75 சதமமீற்றர் உயரத்தில் இருப்பதாகவும், சாய்பலகை இரண்டரை மீற்றர் நீளமுடையதாகவும் கொள்வோர் இவ்வாறு கணிக்கலாம். உயரத்தை நீளத்தால் வகுக்க 0.3 வரும். எனவே 2,000 கிலோகிராம் இயந்திரத்தைச் சரிவின் வழியே ஏற்ற 600 கிலோகிராம் இழுவை வேண்டும். காற்றிறங்கிய ரயர், சேறு படிந்த சில்லு, முற்றாக விடுபடாத தடுப்பு ஆகியவை சேர்ந்தால் எடையின் காற்பங்கு, அதாவது 500 கிலோகிராம், மேலதிகமாகத் தேவைப்படலாம். மொத்தம் 1,100 கிலோகிராம். காவலின் பொருட்டு இதனை இரட்டித்தால் 2,200 கிலோகிராம் ஆகும்.

வின்சுகளின் வலு பெரும்பாலும் இறாத்தலிற் குறிக்கப்படுகின்றது. 5,000 இறாத்தல் என்பது 2,268 கிலோகிராம். ஆகவே மேற்கூறிய இயந்திரத்திற்கு 5,000 இறாத்தல் வின்சு போதுமானது. சாய்பலகையை நீளமாக்கினால் தேவையான இழுவை குறையும் என்பதும் இக்கணக்கினாலே விளங்கும். வின்சின் வலு டிரெயிலரின் தாங்குவலுவைக் கூட்டுவதில்லை. டிரெயிலருக்கும் அதனை இழுக்கும் வாகனத்திற்கும் விதிக்கப்பட்ட எடையளவு தனியே நோக்கப்படவேண்டும்.

முந்நூறு முதல் ஐந்நூறு கிலோகிராம் வரையுள்ள இருசில்லு உழவு இயந்திரத்திற்கு மின் வின்சு அவசியமன்று. தடுப்புப் பற்களுடைய நல்ல கைவின்சே போதும்; பணமும் மிஞ்சும். சங்கிலிப் பட்டியில் ஓடும் அறுவடை இயந்திரமோ வேறு வகையது. எஞ்சின் நின்றதும் அதன் பட்டிகள் தாமே உருளா. ஆதலின் மேற்கூறிய கணக்கு அதற்குப் பொருந்தாது.

உருளையும் வடமும்

வின்சின் மீது பொறிக்கப்பட்ட வலு, உருளையின் முதல் அடுக்குச் சுற்றுக்கு மட்டுமே உரியது. வடம் அடுக்கடுக்காகச் சுற்றப்படும்போது உருளையின் சுற்றளவு பெருகி, இழுவை குறைகின்றது. நான்காம் அடுக்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே எஞ்சும். 5,000 இறாத்தல் வின்சு அப்போது 1,500 கிலோகிராம் அளவே இழுக்கும்.

நீண்ட வடம் நல்லதென்று எண்ணுவோர் பலர். டிரெயிலரில் ஏற்றுதற்கு ஏழெட்டு மீற்றர் வடமே வெளியே செல்லும். 25 மீற்றர் வடமுள்ள வின்சில் எஞ்சிய வடம் உருளையிலேயே தடித்துக் கிடப்பதால், வேலை முழுவதும் வலுக்குறைந்த மேலடுக்குகளிலேயே நடைபெறும். வயலின் ஓரத்திலிருந்து இழுக்கும் தேவை இல்லாதார் குறுகிய வடத்தையே தெரிதல் தகும். ஆயினும் கம்பிவடமாயின் குறைந்தது ஐந்து சுற்றுகளும், செயற்கை நார்வடமாயின் பத்துச் சுற்றுகளும் எப்போதும் உருளையில் எஞ்சியிருத்தல் வேண்டும்.

கம்பிவடம் வெயிலையும் கல்லுராய்வையும் தாங்கும். ஆயின் அறுந்தால் சாட்டைபோல் வீசும். நார்வடம் இலேசானது, அறுந்தாலும் வீச்சுக் குறைந்தது. ஆயின் வெயிலும் மணலும் அதனை அரிக்கும். கம்பிவடத்தால் தேய்ந்து வரிவிழுந்த உருள்வழியில் நார்வடத்தைச் செலுத்தலாகாது.

வலு போதாதவிடத்து ஒரு கப்பியை இணைத்து வடத்தை இரட்டையாக்கினால், இழுவை ஏறத்தாழ இருமடங்காகும், வேகம் பாதியாகும்.

மின்சாரம்

12 வோற்றுப் பற்றரியில் இயங்கும் இத்தகைய வின்சு முழுச்சுமையில் 200 அம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை இழுக்கும். பற்றரி இழுவாகனத்தில் இருந்து, 25 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக்கம்பி ஏழு மீற்றர் சென்று ஏழு மீற்றர் மீளுமாயின், வழியிலேயே ஏறத்தாழ 2 வோற்று இழக்கப்படும். மோட்டர் தளர்ந்து சூடேறும். பற்றரியை டிரெயிலரிலேயே வின்சின் அருகே ஒரு பெட்டியில் வைத்தால் இவ்விழப்பு மிகச் சிறிதாகும். பற்றரியின் அண்மையிலே தகுந்த உருகியோ துண்டிப்பானோ பொருத்தப்படுவது இன்றியமையாதது.

இம்மோட்டர்கள் இடைவிடாது ஓடுதற்கு உரியனவல்ல. கடும் இழுவையில் ஒரு நிமிடம் ஓடினால் சில நிமிடங்கள் ஆறவிடல் வேண்டும். நிலைக்காந்த மோட்டர் மின்னைக் குறைவாகக் கொள்ளும். நீண்ட கடும் வேலைக்குத் தொடர்சுற்று மோட்டரே ஏற்றது. புழுப்பற்சில்லு வின்சு மெல்ல இயங்கினும் சுமையைத் தானே பிடித்து நிற்கும். கோட்பற்சில்லு வின்சு விரைவானது. அதற்குத் தனித்தடுப்பு உண்டா என வாங்குமுன் கேட்டறிதல் நன்று.

ஏற்றும்போது கைக்கொள்ள வேண்டியவை

1. டிரெயிலரை இழுவாகனத்துடன் கொளுவியே ஏற்றுக. கழற்றிய டிரெயிலரின் பின்புறத்தில் எடை விழுந்ததும் முன்புறம் மேலே தூக்கப்படும். இழுவாகனத்தின் தடுப்பை இட்டு, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்புறத்திற்கு முட்டுக் கொடுக்க.

2. வின்சு தகட்டிலன்றி டிரெயிலரின் சட்டத்திலே, செய்தோர் குறித்த தரமுள்ள போல்ட்டுகளாற் பொருத்தப்படுக.

3. இழுவை நேர்க்கோட்டில் இருக்கட்டும். பக்கவாட்டில் இழுத்தால் வடம் ஒரு பக்கம் குவிந்து நைந்துபோகும்.

4. இறுகிய வடத்தின் மேல் ஈரச்சாக்கு ஒன்றை இடுக. வடத்தின் வழியிலும் இயந்திரத்தின் பின்னாலும் எவரும் நிற்கலாகாது. சிறுவர் அருகில் வரலாகாது. கம்பிவடத்தைத் தோற்கையுறையின்றித் தொடலாகாது.

5. ஒற்றை அச்சு டிரெயிலரில் மொத்த எடையின் பத்தில் ஒரு பங்களவு முன் கொளுவியில் அமருமாறு இயந்திரத்தை நிறுத்துக. பின்பாரம் மிகுந்த டிரெயிலர் இறக்கத்தில் அலையும்.

6. ஏற்றிய பின் நான்கு மூலைகளிலும் சங்கிலியாற் கட்டி, வின்சு வடத்தின் இறுக்கத்தைத் தளர்த்துக. வின்சு இழுப்பதற்கு உரியது. பயணத்தில் இயந்திரத்தைப் பிடித்துவைப்பதற்கு உரியதன்று. ஆட்களை ஏற்றவோ சுமையைத் தொங்கவிடவோ அதனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

ஆண்டிற் சில முறையே தேவைப்படும் இக்கருவியை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குதல் வீண்செலவாகும். ஒரு கமக்காரர் அமைப்பு டிரெயிலரையும் வின்சையும் பொதுவில் வைத்திருந்து, பயிற்சி பெற்ற இருவரிடம் பொறுப்பளித்தால், அப்பகுதி வயல்கள் அனைத்திற்கும் பயன்படும். போகம் தொடங்குமுன் வடத்தை முழுவதும் விரித்து நைந்த இடம் உண்டா எனப் பார்த்தலும், பற்றரியை மின்னேற்றி ஒருமுறை இழுத்துப் பார்த்தலும் அவ்விருவர் கடமையாகும். நீர் திறக்கப்பட்ட பின்னர்ச் செய்யும் சோதனை காலங்கடந்ததாகும்.