அந்தப் பத்துப் பெயர்கள்

ஒரு கல்லூரி மாணவர் எப்படிப் போராட்டக்காரர் ஆகிறார் என்று கேட்டால், நாம் சட்டென்று சொல்வது, "கொள்கைப் பிடிப்புதான், வேறென்ன?" என்பது. கொள்கைப் பிடிப்பு இருந்தும் வீட்டோடு நின்றுவிட்டவர்களை யாரும் தேடிப் போய் விசாரிப்பதில்லை. டக் மெக்கடம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் தேடிப் போனார். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை இது.

1964. மிசிசிப்பி மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பின மக்களில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். பெயரைப் பதியப் போனால் வேலை போகும். சில நேரம் உயிரே போகும். அங்கே ஏற்கெனவே அடிபட்டு, சிறைபட்டு உழைத்துக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர்கள், வட மாநிலக் கல்லூரி மாணவர்களை அந்தக் கோடைக்கு வரவழைத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். வாக்காளர் பதிவுக்கு வீடு வீடாகப் போக வேண்டும், பிள்ளைகளுக்கு 'விடுதலைப் பள்ளி' நடத்த வேண்டும். கைச்செலவும், கைதானால் ஜாமீன் பணமும் அவரவர் பொறுப்பு.

அந்த மாணவர்கள் அப்போது எழுதிக் கொடுத்த விண்ணப்பங்கள் பிற்பாடு மெக்கடமின் கைக்குக் கிடைத்தன. தேர்வானவர்களில் 720 பேர் மிசிசிப்பிக்குப் போயிருந்தார்கள். 239 பேர் கடைசி நேரத்தில் பின்வாங்கியிருந்தார்கள். ஆய்வாளருக்கு இது அரிய வாய்ப்பு. இரு தரப்புமே மனமுவந்து விண்ணப்பித்தவர்கள்தானே! 'ஏன் வர விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்கு அவர்கள் எழுதிய பதில்களைப் படித்தால், போனவர் யார், நின்றவர் யார் என்று பிரிக்க முடியவில்லை. இரு தரப்பிலும் அதே ஆவேசம், அதே நியாய உணர்வு.

வேறுபாடு படிவத்தின் இன்னொரு மூலையில் இருந்தது. 'உங்கள் பணியைப் பற்றி யார் யாருக்குத் தகவல் அனுப்ப வேண்டும்? பத்துப் பெயர்களாவது கொடுங்கள்' என்று கேட்டிருந்தார்கள். போனவர்கள் கொடுத்த பட்டியல்களில், அதே பயணத்துக்குப் பெயர் கொடுத்திருந்த நண்பர்களும் கறுப்பின உரிமை இயக்கத்துக்காரர்களும் அதிகம் இருந்தார்கள். பின்வாங்கியவர்களின் பட்டியல்களில் குறைவு. முன்பே சிறுசிறு மறியல், கூட்டம் என்று போய்வந்த பழக்கமும் போனவர்களுக்கே கூடுதல்.

படிவம் இவ்வளவுதான் சொல்லும். நண்பன் இருந்தால் என்ன நடக்கிறது என்பதை ஆளிடம்தான் கேட்க வேண்டும். போனவர்களில் 40 பேர், போகாதவர்களில் 40 பேர் என்று தேடிப்பிடித்து மெக்கடம் நேரில் உட்கார்ந்து பேசினார். 1988இல் வந்த 'ஃப்ரீடம் சம்மர்' என்ற அவருடைய புத்தகத்துக்கு உயிர் கொடுப்பவை அந்தப் பேச்சுகள்தான். 'வருகிறேன்' என்று தோழியிடம் சொல்லிவிட்ட பிறகு அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவது கடினம்; யாரிடமும் சொல்லாதவர் ஓசையில்லாமல் விலகிக்கொள்ளலாம். போகாதவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டியிருந்தது. பின்வாங்கியவர்களில் பெண்களின் விகிதம் கூடுதல் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆபத்து எவ்வளவு என்பது ஜூன் மாதமே தெரிந்துவிட்டது. ஒஹாயோவில் முதல் அணியோடு பயிற்சி முடித்து வந்த 20 வயது ஆண்ட்ரூ குட்மனும், ஜேம்ஸ் சேனி, மைக்கேல் ஷ்வெர்னர் என்ற இரு இயக்க ஊழியர்களும் 21ஆம் தேதி இரவு கொல்லப்பட்டார்கள். மூவரையும் காணவில்லை என்ற செய்தி வந்தபோது இரண்டாவது அணி இன்னும் பயிற்சியில் இருந்தது. மிகப் பெரும்பாலோர் வீடு திரும்பவில்லை. பேருந்து ஏறி மிசிசிப்பிக்கே போனார்கள். ஒன்றாகத் தங்கி, அடி விழும்போது தலையைக் காப்பது எப்படி என்று ஒன்றாகப் பழகியவர்கள் அவர்கள்.

இதை வந்துபோனவர்களின் கதையாக மட்டும் சொன்னால் அநியாயம். அதே மிசிசிப்பியின் கிரீன்வுட் பகுதி மக்களிடம் சார்ல்ஸ் பெய்ன் என்ற ஆய்வாளர் விரிவாகப் பேசி 1995இல் ஒரு நூல் எழுதினார். அங்கே இளைஞர்களை இயக்கத்துக்குக் கொண்டுவந்தவை குடும்பமும் உறவும் தேவாலயமும். நடுத்தர வயதில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் முன்வந்திருந்தார்கள். கேமரா வராத நாட்களிலும் வீடு வீடாகப் போனவர்கள் இவர்கள்.

மெக்கடம் சந்தித்தபோது அந்தப் பழைய மாணவர்கள் நடுவயதை எட்டியிருந்தார்கள். அப்போதும் ஏதோவொரு பொதுக் காரியத்தில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தவர்களில், அந்தக் கோடையின் தோழர்களோடு தொடர்பு அறாமல் வைத்திருந்தவர்களே அதிகம்.