‘உங்கள் கேள்வி நீக்கப்பட்டது!’ - கேள்வி பதில் தளங்கள் ஏன் இவ்ளோ கறார்?

தாம்பரத்தில் ஏறி, குரோம்பேட்டை தாண்டுவதற்குள் போன் அதிர்ந்தது. முந்தின நாள் ராத்திரி ஒரு கேள்வி பதில் தளத்தில் நான் கேட்டிருந்த கேள்வியைத் தூக்கிவிட்டார்கள். கேள்வி இதுதான்: ‘முடிச்சூர் நல்ல ஏரியாவா? அங்கே ஃப்ளாட் வாங்கலாமா? அவசரம், ப்ளீஸ்!’

காரணம் ஒரே வரி. ‘வெறும் கருத்தை மட்டும் கேட்கும் கேள்வி.’

செம கடுப்பு. அப்பாவோட பி.எஃப் பணம் மொத்தமும் அட்வான்ஸில் போகப்போகிறது. 20 வருஷ லோன் என் தலையில். அந்த வாரத்துக்குள் புரோக்கருக்கு பதில் சொல்லியாக வேண்டும். இவங்க என்னடான்னா, ஸ்கூல் டீச்சர் மாதிரி ரூல்ஸ் பேசுறாங்களேன்னு தோணுச்சு.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். கோராவில் எழுதிய பதில் சுருக்கப்பட்டிருக்கும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஃபைனல் இயர் புராஜெக்ட் சந்தேகம் கேட்டு, ‘டூப்ளிகேட்’ என்ற முத்திரையோடு கதவு சாத்தப்பட்டிருக்கும். பதிலுக்கு நாலு மைனஸ் வேறு. இவங்களுக்கு ஏன் இவ்ளோ திமிர் என்று அன்றைக்கு நானும்தான் நினைத்தேன். இப்போது பாதிதான் அப்படி நினைக்கிறேன்.

டீக்கடை வேற, இது வேற

கேம்ப் ரோடு டீக்கடையில் ‘அண்ணே, முடிச்சூர் எப்படி?’ என்று கேட்டால், அண்ணன் உங்கள் முகத்தைப் பார்ப்பார். பட்ஜெட் எவ்வளவு, கல்யாணம் ஆயிடுச்சா, ஆபீஸ் எங்கே என்று பதிலுக்கு அவர் நாலு கேட்பார். அந்தப் பேச்சு உங்களுக்கானது. டீ கிளாஸ் காலியானதும் முடிந்துவிடும்.

கேள்வி பதில் தளம் அப்படி இல்லை. அங்கே நீங்கள் கேட்பது உங்களுக்காக மட்டும் அல்ல. இரண்டு வருஷம் கழித்து ராத்திரி 1 மணிக்கு, அதே குழப்பத்தோடு தேடப்போகும் யாரோ ஒருவருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பக்கம் நிற்கும். தளத்தின் விதிகளில் பாதிக்கு மேல் அந்த முகம் தெரியாத ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உங்களைக் கண்டித்த மாதிரி தெரிவது, அவருக்காகப் பாதையைக் கூட்டிப் பெருக்குவதுதான்.

2008-ல் ஆரம்பித்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இதில் ஒரு எல்லைக்கே போனது. வணக்கம், நன்றி, கையெழுத்து எதுவும் கேள்விக்குள் வேண்டாம் என்று அதன் உதவிப் பக்கமே சொல்கிறது. ‘ஹாய்’ போட்டால் எடிட்டில் பறந்துவிடும். வணக்கம் சொல்லாமல் பேச ஆரம்பித்தால் ‘மரியாதை தெரியாத பய’ என்று சொல்லும் ஊரில் வளர்ந்த நமக்கு, இது கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். ஆனால் ஓ.எம்.ஆர் ஆபீஸில் சர்வர் படுத்துக்கிடக்கும்போது விடை தேடுகிறவருக்கு நம்ம வணக்கம் ஒரு தடை. அவ்வளவுதான் விஷயம்.

டூப்ளிகேட்டும் அதே கதைதான். ஒரே கேள்விக்கு 40 பக்கம் இருந்தால், நல்ல பதில் 40 துண்டாகச் சிதறிவிடும். அதனால் புதுசை மூடி, பழசுக்குக் கைகாட்டுவார்கள். அந்த இணைப்பைத் திறந்து பார்க்காமலேயே கோபித்துக்கொண்டு போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். (நானும்.)

அதற்காக அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தத் தளம் இனிமையாக இல்லை, குறிப்பாகப் பெண்களுக்கும் புதிதாக கோடிங் கற்பவர்களுக்கும் என்று 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதே வருஷம் நடத்தை விதிகளையும் மாற்றியது. விதி சரியாக இருந்தாலும், அதைச் சொல்கிற தொனியில் ஒரு ஆளை விரட்டிவிட முடியும்.

முதலை வந்த கதை

‘ஆதாரம் எங்கே, தேதி எங்கே என்று ஏன் உயிரை வாங்குறாங்க?’ என்று கேட்பவர்கள், 2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அந்த 1-ம் தேதி தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் படகு ஓடியது. போனில் சார்ஜ் இருந்தவர்கள் எல்லோரும் கேள்வி கேட்டார்கள், பதிலும் சொன்னார்கள். எந்த ரோடு திறந்திருக்கு, எங்கே சாப்பாடு கிடைக்கும், யார் வீட்டில் தங்கலாம்... தன்னார்வலர்கள் இணையத்தில் பொதுப் பட்டியல்கள் போட்டு, போன் அடித்துச் சரிபார்த்து, ஊரையே காப்பாற்றினார்கள்.

அதே நேரத்தில்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து ஊருக்குள் வந்துவிட்டதாக ஒரு வதந்தியும் பறந்தது. பண்ணையே மறுக்க வேண்டியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவருக்கு இந்த ஃபார்வேர்டு என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதைவிட வில்லங்கம், பொய்யே இல்லாத பழைய தகவல். ‘இந்த முகவரியில் கர்ப்பிணி மாட்டியிருக்கிறார்’ என்பது காலையில் உண்மை. மதியம் அவரை மீட்டுவிட்டார்கள். ராத்திரியும் அது சுற்றிக்கொண்டே இருந்தால், அடுத்த படகு வெறும் வீட்டுக்குப் போகும். நல்ல எண்ணத்தில் பகிர்ந்தவர்கள்தான், கெட்டவர்கள் யாரும் இல்லை. தேதி போடு, எங்கிருந்து தெரியும் என்று சொல், பழசானால் திருத்து என்கிற விதிகளை நான் அந்தப் படகை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

மரியாதை, பெயர், புரோக்கர்

கோரா தமிழுக்கு வந்தது 2019-ல். அதன் புகழ்பெற்ற விதி, நல்லவிதமாக நடந்துகொள், மரியாதையாகப் பேசு என்பதுதான். கேட்க எல்.கே.ஜி பாடம் மாதிரி இருக்கும். நடைமுறையில் இதன் அர்த்தம், பதிலை எவ்வளவு வேண்டுமானாலும் கிழிக்கலாம், எழுதியவரைத் தொடக்கூடாது. ‘நீங்கள் சொன்ன தகவல் தவறு, காரணம் இது’ என்றால் இருக்கும். ‘வாடகை வீட்டுல இருக்கிற உனக்கு என்னடா தெரியும்?’ என்றால் போய்விடும்.

ஆரம்பத்தில் கோராவில் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்ற விதி இருந்தது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இணையம் கேட்கும்போதெல்லாம் இனிஷியல்காரர்களான நாம் முழிப்பது தனிக்கதை. அதைவிட முக்கியம், சாதி பற்றி, வீட்டு வன்முறை பற்றி, உடம்பு பற்றி நம் ஊரில் ஒரு பெண் சொந்தப் பெயரில் கேட்டுவிட முடியுமா? 2021 ஏப்ரலில் கோரா அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது, முகமூடிக்குப் பின்னால் ஒளிந்து திட்டுகிறவர்கள் கூடுவார்கள் என்று தெரிந்தும்.

முகமூடி என்றதும் புரோக்கர் ஞாபகம் வருகிறார். ‘அருமையான ஏரியா, தண்ணி பிரச்னையே இல்லை, உடனே அழைக்கவும்’ என்று போன் நம்பரோடு வரும் பதில்கள் விளம்பரம் என்று சீக்கிரமே காணாமல் போகும். ஆபத்தானவை நம்பர் இல்லாமல், ‘10 வருஷமா இங்கேதான் இருக்கேன்’ என்று வருபவை. விற்கிற பொருளோடு உங்களுக்குச் சம்பந்தம் இருந்தால் அதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள் என்பது பல தளங்களில் விதி. இப்படிப்பட்ட பதிலைப் பார்த்தால் அந்த ஆளின் பக்கத்துக்குப் போய், வேறு என்னென்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ஆறு பதிலும் ஒரே பில்டரைப் பற்றி இருந்தால் ரிப்போர்ட் அடியுங்கள். வீடு விஷயத்தில் இன்னொன்று, 8 ஃப்ளாட்டுக்கு மேல் உள்ள புதிய புராஜெக்ட் தமிழ்நாடு ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். இதை யாரிடமும் கேட்க வேண்டாம், ரெரா தளத்திலேயே பார்த்துவிடலாம்.

யார் சார் அந்த மாடரேட்டர்?

பல இடங்களில் சம்பளமே இல்லாத ஆட்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பயனர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாதாரணப் பயனர்களுக்கும் அதிகாரம் உண்டு. 3,000 பாயின்ட் சேர்த்தவர்கள் 3 பேர் ஓட்டுப் போட்டால் ஒரு கேள்வியை மூடலாம். அடுத்தவர் பதிலுக்கு மைனஸ் போட்டால் போட்டவருக்கும் 1 பாயின்ட் போகும். சும்மா குத்தக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

இவர்கள் ஸ்ட்ரைக்கும் செய்திருக்கிறார்கள் தெரியுமா? சாட்ஜிபிடி வந்த சில நாளிலேயே, 2022 டிசம்பரில், ஏ.ஐ எழுதிய பதில்களுக்கு அங்கே தடை போட்டார்கள். பதில் பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே தவறு இருக்கும் என்பதுதான் காரணம். பிறகு, ஏ.ஐ என்ற சந்தேகத்தில் நீக்குவதைப் பெருமளவு நிறுத்தச் சொல்லி நிறுவனம் உத்தரவு போட, 2023 ஜூன் 5 முதல் மாடரேட்டர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆகஸ்ட்டில்தான் சமரசம். சம்பளம் வாங்காத வேலைக்கு ஸ்ட்ரைக்!

உங்கள் பதிவைத் தவறாக நீக்கினால், முதலில் தளத்திலேயே மேல்முறையீடு இருக்கிறதா என்று பாருங்கள். நண்பனை ‘லூசுப்பயலே’ என்று செல்லமாகச் சொன்னதை மெஷின் வசவு என்று எடுத்துக்கொள்வதெல்லாம் நடக்கக்கூடியதுதான். அதிலும் சரியாகவில்லை என்றால், இந்தியாவின் 2021 ஐ.டி விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும், புகார் வந்து சேர்ந்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் முடிவும் பிடிக்கவில்லை என்றால், 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

இந்தச் சட்டம் நம் பக்கமும் திரும்பும் பாஸ். ஒரு பில்டரின் பெயரைப் போட்டு ‘ஃபிராடு’ என்று எழுதினால் அவதூறு வழக்கு எழுதிய உங்கள் மேல்தான் வரும். நடந்ததை, தேதியோடு, கையில் இருக்கும் ரசீதோடு எழுதினால் நிற்பதற்கு ஒரு இடம் இருக்கும்.

என் கேள்விக்கு வருகிறேன். பல்லாவரம் வருவதற்குள் கோபம் கொஞ்சம் ஆறியது. மறுபடி எழுதினேன்: ‘2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூரில் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது? எத்தனை நாள் நின்றது? தெருவையும் எந்த மாடி என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.’

இந்தத் தடவை யாரும் தூக்கவில்லை. நாலு நாளில் ஒன்பது பதில். ஒருவர் தன் வீட்டுச் சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தேதியோடு. நாங்கள் பார்த்த ஃப்ளாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, புரோக்கருக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொன்னார். இப்போதும் சேலையூரில் வாடகை வீடுதான்.

போன வாரம் அந்தத் தளத்தில் யாரோ புதுசாகக் கேட்டிருந்தார்: ‘முடிச்சூர்ல வீடு வாங்கலாமா? அர்ஜென்ட் ப்ளீஸ்.’ டூப்ளிகேட் என்று அழுத்தப் போன விரலை ஒரு நிமிஷம் நிறுத்தினேன். முதலில், ‘வணக்கம். சுவர் போட்டோவோட ஒரு பதில் இருக்கு, கீழே இருக்கிற லிங்க்கைப் பாருங்க’ என்று கமென்ட் போட்டேன். அதற்குப் பிறகுதான் அழுத்தினேன்.