மதுரைத் தெருவில் இருவகைக் காவல்

நகரம் பெருகப் பெருக, தெருவில் நடப்போரின் அச்சமும் பெருகுகின்றது. மோட்டார் சைக்கிளில் வந்து பெண்டிரின் கைப்பையையும் கழுத்துச் சங்கிலியையும் பறித்துச் செல்வோரைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. வழிப்பறி செய்தான் என ஐயுறப்பட்ட ஒருவனைக் கூட்டத்தார் நையப் புடைத்த பின்னரே காவலர் வந்து சேர்ந்தனர் என்னும் செய்தியும் இடையிடையே வருவதுண்டு. கள்வனைப் பிடிப்பது ஒன்று. பிடிபட்டவன் கள்வன்தானா என்று தெளிவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே நகரின் தெருக்களில் வைத்துப் பாடிய பழைய நூல்கள் இரண்டு தமிழில் உள்ளன. மதுரைக் காஞ்சியும் சிலப்பதிகாரமுமே அவை.

பத்துப்பாட்டில் மிக நீண்டது மதுரைக் காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன்மீது மாங்குடி மருதனார் பாடிய 782 அடிகள் கொண்டது. நிலையாமையை உணர்த்தப் புகுந்த புலவர், மதுரையின் ஒரு முழு நாளையும் நம் கண்முன் நிறுத்துகின்றார். நள்ளிரவு வருகின்றது. கடைகள் அடைபட்டன, அப்பம் விற்போர் இருந்த இடத்திலேயே உறங்குகின்றனர், விழாவில் ஆடிய கூத்தரும் துயின்றனர். அப்போது கள்வர் புறப்படுகின்றனர். அவர்தம் கோலத்தைப் புலவர் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும் நுட்பம் வியக்கத்தக்கது. இருளோடு இருளாய்க் கலக்கும் நீல நிறக் கச்சு. ஓசை எழாதிருக்கக் காலில் செருப்பு. கல்லையும் மரத்தையும் துணிக்கும் வாள். தொடையிற் செருகிய குறும்பிடிக் கத்தி. இடையிற் சுற்றிய நூலேணி. சுவரடியில் நிலத்தைத் தோண்டும் உளி. இன்றைய காவல் நிலையத்தில் எழுதிவைக்கும் குற்றவாளியின் அடையாளக் குறிப்பும் இதனினும் தெளிவாக இராது.

இவர்களுக்கு எதிர் நிற்போர் ஊர்காப்பாளர். யானையைக் குறிவைத்துப் பதுங்கும் புலிக்கு அவர்களை ஒப்பிடுகின்றார் புலவர். உறங்காத கண்ணும் அஞ்சாத உள்ளமும் அவர்க்கு உண்டு. கையில் அம்பும் உண்டு. ஆனால் புலவர் அத்துடன் நின்றாரல்லர். தம் தொழிலுக்குரிய நூல்களை நுணுகிக் கற்றுத் தேர்ந்தவர் என்றும், அறிவுடையோர் புகழும் ஆண்மை உடையவர் என்றும் கூட்டிச் சொல்கின்றார். கள்வர் எங்கே ஒடுங்கியிருப்பர் என்பதை ஒற்றி அறிவதே அவர் முறை. தேரோடும் தெருவில் மழைநீர் திரண்டு ஓடும் நடு இரவிலும் அவர் சோர்வதில்லை. இச்சிறு செய்தியின் அருமை, 1975ஆம் ஆண்டில் மலேசியாவில் ருக்குன் தெத்தாங்கா தொடங்கப்பெற்ற காலத்தில் குடை பிடித்துக் காவல் சுற்றியோர்க்கு நன்கு விளங்கும்.

இனிச் சிலப்பதிகாரத்துக்கு வருவோம். கொலைக்களக் காதையில் பாண்டியன் அழைப்பதும் ஊர்காப்பாளரைத்தான். பெயரும் அதுவே, ஊரும் அதுவே. தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வருக என்பது ஆணை. மன்னன் ஆராயவில்லை என்பதை இளங்கோவடிகள் அவ்விடத்திலேயே குறித்துவிடுகின்றார்.

காவலர் கோவலனைக் கண்டதும், இவன் கொலை செய்யத்தக்கவன் அல்லன் என்கின்றனர். நல்ல சொல்தான், ஆயினும் அதற்கு அவர்கள் கண்ட சான்று அவனுடைய தோற்றத்தின் இலக்கணம் மட்டுமே. முகத்தைப் பார்த்து எழுந்த நம்பிக்கை ஆதலின், அதனைக் கலைக்கப் பொற்கொல்லனுக்கு நெடுநேரம் தேவைப்படவில்லை. அவன் உள்ளூர நகைத்துக்கொண்டு களவு நூற் பாடமே நடத்துகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டும் கள்வர்க்குத் துணை என்கின்றான். தூதன் கோலத்தில் வாயிலில் இருந்து, பெண் கோலத்தில் இருளிற் புகுந்து, இளவரசன் மார்பின் ஆரத்தைக் கவர்ந்த ஒருவன் கதையையும் சொல்கின்றான். சொன்னவை பொதுவான களவைப் பற்றியவை. எதிரில் நின்ற கோவலனைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. மதுரைக் காஞ்சியில் காவலர்க்குப் படைக்கலமாய் இருந்த அதே வகை நூலறிவு, இங்கே காவலரை மயக்கும் மருந்தாயிற்று.

அடுத்துப் பேசுபவன் வேலேந்திய இளைஞன் ஒருவன். அவன் கூறும் பழைய நிகழ்ச்சியை மாணவர்க்கு நடத்தும் ஆசிரியர் மதுரைக் காஞ்சியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுதல் நலம். மழை பெய்யும் நள்ளிரவு, நீல ஆடை, நிலம் தோண்டும் உளி, நகைமேல் வேட்கை. எல்லாம் மாங்குடி மருதனார் காட்டியவையே. மாறியது ஒன்று. அங்கே புலி காவலன்; இங்கே புலி கள்வன். உருவிய வாளையும் அக்கள்வன் பறித்துக்கொண்டு மறைந்தான் என்கின்றான் இளைஞன். அஞ்சியவன் கண்ணுக்கு உவமையும் இடம் மாறிவிடுகின்றது.

கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் மாணிக்கம். தேவியின் சிலம்பில் இருந்தது முத்து. இச்சிலம்பு உனக்கு எங்ஙனம் கிடைத்தது என்று கோவலனை வினவினார் ஒருவரும் இலர். வினவியிருந்தால் அவன் இடைச்சேரியில் இருந்த மனைவியைச் சுட்டியிருப்பான். இணைச்சிலம்பும் அங்கேயே இருந்தது. ஒரு நாழிகையில் முடியும் ஆராய்ச்சி அது.

பள்ளிகளில் இப்பகுதியை நடத்துங்கால் பழியைப் பொற்கொல்லன் மீதும் மன்னன் மீதும் வைத்து மேலே செல்வதே வழக்கம். காவலர் கண்ணிற்படாமலே போகின்றனர். ஆனால் அந்த இளைஞனின் பேச்சு முடியும் இடத்தை ஊன்றி நோக்குக. கள்வர் செயல் அறிதற்கு அரிது, விட்டுவிட்டாலோ வேந்தன் நம்மை ஒறுப்பான், ஆதலின் செய்யத் தக்கது யாதெனச் சொல்லுங்கள் என்று அவன் உடன் நின்ற வீரரைக் கேட்கின்றான். ஐயமும் அச்சமும் கலந்த கேள்வி அது. அதற்கு ஒருவரும் விடை சொன்னதாக அடிகள் பாடவில்லை. கல்வியற்ற களிமகன் ஒருவன் கையிலிருந்த வாளை வீசினான் என்றே அடுத்துப் பாடுகின்றார்.