மலேசியப் பொதுக் கோல்ப் போட்டி

ஜித்ராவை அடுத்த டாருல் அமான் கோல்ப் மைதானத்தை இவ்வட்டாரத்தில் அறியாதார் சிலரே. வேலிக்கு அப்பால் பசும்புல் விரிந்து கிடக்கும். தொப்பியணிந்த சிலர் பந்தை அடித்துவிட்டு, அதன் பின்னே நெடுந்தொலைவு நடந்து செல்வர். "இது செல்வர் விளையாட்டு, நமக்கும் இதற்கும் என்ன உறவு?" என்று கடந்து போவதே நம்மவர் வழக்கம். அவ்வாறு எண்ணுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் இந்நாட்டின் தலைசிறந்த கோல்ப் போட்டிக்கு ‘மலேசியப் பொதுப் போட்டி’ என்று பெயர் வழங்குகிறது. ‘பொது’ என்பது அனைவர்க்கும் உரியது என்று பொருள்படும் சொல். அப்பெயர் எவ்வாறு வந்தது, அதற்கேற்ப அப்போட்டி நடந்துகொண்டதா என்று காண்பது பயனுடையதாகும்.

முதலில் ஓர் ஐயத்தை அகற்றுதல் நன்று. ‘கோல்ப்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் அது நம் ‘கோல்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்ததே என்று கூறுவோர் உண்டு. கோலால் அடித்து ஆடும் ஆட்டமாதலின் பொருத்தமும் இருப்பது போலவே தோன்றும். ஆனால் இவ்வொலியொற்றுமை தற்செயலானதே. டச்சு மொழியில் தடியைக் குறிக்கும் ‘கோல்ப்’ என்னும் சொல்லோடு தொடர்புடையது இது என்பதே மொழியறிஞர் பலரின் கருத்து. ஆட்டம் வளர்ந்த இடம் ஸ்காட்லாந்து. அங்கு 1457 ஆம் ஆண்டிலேயே, இளைஞர்கள் விற்பயிற்சியை மறந்து இவ்வாட்டத்தில் மூழ்கிக் கிடக்கின்றனர் என்று கூறி, அரசு இதற்குத் தடை விதித்தது. அக்காலத்திலேயே இது மக்களிடையே பரவியிருந்தது என்பது இதனால் விளங்கும்.

‘பொதுப் போட்டி’ என்னும் பெயரும் ஸ்காட்லாந்திலேயே பிறந்தது. 1860 ஆம் ஆண்டு அக்டோபர் 17 ஆம் நாள், பிரெஸ்ட்விக் என்னும் ஊரில் எண்மர் கூடி ஒரு போட்டி ஆடினர். வில்லி பார்க் என்பவர் வென்றார். அவ்வாண்டு, ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் மட்டுமே ஆடினர். பந்து செய்வோரும் பிறர் பையைச் சுமப்போருமே அக்காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்கள். மறு ஆண்டு, 1861 இல், இப்போட்டி அனைவர்க்கும் திறந்திருக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அன்று முதல் அது பொதுப் போட்டி ஆயிற்று. பின்னர்ப் பல நாடுகள் தத்தம் தலைமைப் போட்டிகளுக்கு அப்பெயரையே இட்டுக்கொண்டன.

நம் நாட்டுக்கு வருவோம். சிலாங்கூர் கோல்ப் கழகம் 1893 ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றியது. ஆங்கிலேயர் ஆட்சியில் இத்தகைய கழகங்கள் பெரும்பாலும் அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் வணிகரும் மாலைப்பொழுதில் கூடும் இடங்களாகவே இருந்தன. நாடு விடுதலை பெற்ற ஐந்தாம் ஆண்டாகிய 1962 இல் மலாயாப் பொதுப் போட்டி தொடங்கியது. அப்போது பிரதமராக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான் நம் கெடா அரச குடும்பத்தில் பிறந்தவர். கோல்ப் ஆட்டத்தில் விருப்பமுடையவர். முதற்போட்டியில் ஆஸ்திரேலியரான பிராங்க் பிலிப்ஸ் வென்றார். 1963 இல் மலேசியா உருவான பின்னர்ப் போட்டியின் பெயரும் அதற்கேற்ப மாறியது.

போட்டி நடைபெறும் முறை இது. ஆட்டக்காரர் பதினான்குக்கு மேற்படாத கோல்களைக் கொண்டு, நாளொன்றுக்குப் பதினெட்டுக் குழி வீதம் நான்கு நாட்களில் எழுபத்திரண்டு குழிகள் ஆடுவர். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர் மட்டுமே. இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கியோர் விலக்கப்படுவர். பிற ஆட்டங்களில் எண்ணிக்கை மிகுந்தவர் வெல்வர். இங்கோ மிகக் குறைந்த அடிகளில் முடித்தவரே வெல்வர். மற்றொரு மரபு இன்னும் சிறப்புடையது. ஒவ்வொரு குழுவுடனும் நடுவர் நடந்து வருவதில்லை. உடன் ஆடுபவர் எண்ணிக்கையைக் குறிப்பார். ஆடியவர் சரிபார்த்துக் கையொப்பமிடுவார். ஆடியதினும் குறைத்து எழுதியதில் கையொப்பமிட்டால், போட்டியிலிருந்தே நீக்கப்படுவார். நேர்மையே இவ்வாட்டத்தின் அடித்தளம் என்று இதனாற் கூறுவர்.

இத்துணை நேர்மையைப் போற்றும் ஆட்டம், ஆடவந்த மனிதரிடத்தும் நேர்மையாக நடந்துகொண்டதா? இதற்கு விடை காணக் கடல்கடந்து செல்லவேண்டும்.

பிரெஸ்ட்விக்கில் முதற்போட்டி நடந்து முப்பதாம் நாள், அதாவது 1860 நவம்பர் 16 இல், ‘துரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட அக்கப்பலில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். அவ்வாறு குடியேறிய இந்தியச் சமூகத்திற் பிறந்தவர் பாப்வா செவ்கோலம். கோல்ப் ஆடுவோரின் பையைச் சுமப்பவரைக் ‘கேடி’ என்பர். நம் வழக்கில் பழித்துரைக்கும் கேடி வேறு, இது வேறு. இளமையில் கேடியாக இருந்த செவ்கோலம், தாமே ஆட்டம் கற்றார். பிறர் வலக்கையைக் கீழே வைத்துக் கோலைப் பிடிக்க, அவர் இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். 1959 இலும் 1960 இலும் ஹாலந்துப் பொதுப் போட்டியில் வென்றார்.

1963 ஆம் ஆண்டில் செவ்கோலம் டர்பனில் நேட்டால் பொதுப் போட்டியை வென்றார். ஆனால் நிறவேற்றுமை ஆட்சியில் வெள்ளையரல்லாதார் கழகக் கட்டடத்துள் நுழைதல் ஆகாது. எனவே பிறர் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று பரிசைப் பெற்றார். 1965 இல் புகழ்பெற்ற கேரி பிளேயரையும் பின்தள்ளி மீண்டும் அப்போட்டியை வென்றார். அதன்பின் அரசு அவரைப் பெரிய போட்டிகளில் ஆடவொட்டாமல் தடுத்தது. போட்டியின் பெயர் மட்டும் ‘பொது’ என்றே இருந்தது.

நம் நாட்டுப் போட்டிக்கு அத்தகைய இழுக்கு நேரவில்லை. ஜப்பானியர், தைவான் நாட்டவர், தாய்லாந்தினர் எனப் பலர் வென்றனர். 1992 இல் வென்றவர் விஜய் சிங். அவரும் பிஜித் தீவில் குடியேறிய இந்திய வம்சத்தினரே. புகழ் அடையும் முன்னர் அவர் சபாவில் உள்ள கெனிங்காவிலும் சரவாக்கின் மிரியிலும் கழகப் பயிற்றுநராகப் பணியாற்றியவர். 1984 இல் மலேசியத் தொழில்முறை ஆட்டக்காரர் போட்டியையும் வென்றவர். 2001 இல் மீண்டும் நம் பொதுப் போட்டியில், கூடுதல் குழிகளில் அயர்லாந்தின் ஹாரிங்டனை வென்றார். 2004 இல் டைகர் வுட்சை விஞ்சி உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஆனார். இந்தியாவின் அர்ஜுன் அத்வால் 2003 இலும் 2008 இலும் வென்றார். 2015 இல் அனிர்பான் லாகிரி, இறுதி நாளில் ஐந்து அடிகள் பின்தங்கியிருந்தும் ஓர் அடி வேறுபாட்டில் வெற்றி பெற்றார்.

ஆயினும் இரண்டு குறைகள் உள. ஒன்று, போட்டியின் தொடர்ச்சி. சிகரெட்டு நிறுவனம், மது நிறுவனம், வங்கி என ஒன்றன்பின் ஒன்றாகப் பொருளுதவி செய்தோரை நம்பியே அது நடந்து வந்தது. 2015 க்குப் பின்னர் ஆண்டுதோறும் நடைபெறும் வழக்கம் அறுந்தது. 2020 இல் ஒருமுறை நடந்தது. 2024 இல் மீண்டும் நடந்தபோது ஸ்பெயின் நாட்டு டேவிட் புயிக் வென்றார்.

மற்றொன்று, இன்றுவரை மலேசியர் எவரும் இப்போட்டியை வென்றதில்லை என்பது. எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற நம்மவர் தொழில்முறை ஆட்டத்தில் நாடறிந்த பெயர் பெற்றனர். திறமைக்குக் குறையில்லை என்பதற்கு இவர்களே சான்று. ஆனால் ஒரு பிள்ளை இவ்வாட்டத்தைக் கற்கக் கோல் வேண்டும், மைதானத்தில் நுழையக் கட்டணம் வேண்டும், பயிற்றுவிப்பாரும் வேண்டும். இவை கிட்டாத பிள்ளைக்குச் சட்டத்தின் தடை எதுவும் இல்லை. இருப்பினும் வேலி வேலியாகவே நிற்கிறது. 1913 இல் அமெரிக்கப் பொதுப் போட்டியை வென்ற இருபது வயது பிரான்சிஸ் உய்மெட், அம்மைதானத்தின் எதிரிலேயே வாழ்ந்து, அங்கே கேடியாக இருந்து ஆட்டம் பழகியவர். மைதானத்தின் வாயில் அவருக்குச் சற்றே திறந்திருந்தது, அவ்வளவே வேண்டியிருந்தது.

ஆகவே ‘பொது’ என்னும் சொல்லுக்கு இரு நிலைகள் உண்டு. யாரையும் தடுக்காதிருத்தல் ஒன்று. யாவரும் வந்தடைய வழி செய்தல் மற்றொன்று. செவ்கோலத்துக்கு முதல் நிலையும் மறுக்கப்பட்டது. நம் நாட்டில் அது என்றோ கிட்டிவிட்டது. இரண்டாம் நிலை இன்னும் எட்டப்படவில்லை. ‘பொது’ என்னும் சொல்லை வகுப்பில் விளக்கும் ஆசிரியர்கள் மழையில் நின்று பரிசு பெற்ற அம்மனிதரின் கதையையும் மாணவர்க்குச் சொல்வார்களாக. அகராதி கூறும் பொருளினும் அது தெளிவாக விளங்கும்.