பச்சைத் திரை – 7: கண் தாளில், கை விசையில்

ஐபிஎம் 1971இல் கொண்டுவந்த 3270 டெர்மினலின் பெரிய திரையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். ஆக 1,920 இடங்கள். காப்பீடு எடுக்க வருகிறவரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, வாரிசு, தவணைத் தொகை எல்லாம் இதற்குள் அடங்கியாக வேண்டும். சென்ற வாரம் பார்த்த துளை அட்டையிலும் 80 பத்திகள்தான். அட்டையில் பழகியவர்கள் திரைக்கு வந்தபோது, எழுத்தெழுத்தாகக் கணக்குப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்தது.

அந்த 1,920 இடமும் முழுதாகக் கைக்கு வராது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஓர் இடத்தை ‘அட்ரிபியூட் பைட்’ பிடித்துக்கொள்ளும். பார்க்க வெறும் இடைவெளி. ஆனால் அடுத்து வரும் இடத்தில் தட்டலாமா கூடாதா, எண் மட்டும்தானா, எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டுமா, கடவுச்சொல்லைப் போல மறைய வேண்டுமா என்பதையெல்லாம் அந்த ஒரு பைட்தான் சொல்கிறது. கட்டம் முடிகிற இடத்தைக் காட்ட இன்னொன்று வேண்டும். அதை வைக்க மறந்தால், அடுத்த அட்ரிபியூட் வரும் வரை கட்டம் நீண்டுகொண்டே போகும். ஆறு இலக்க எண்ணுக்கு எட்டு இடம் செலவு. அதனால்தான் புரோகிராமில் கை வைப்பதற்கு முன், கட்டம் போட்ட அச்சுத் தாளில் பென்சிலால் திரையை வரைந்து பார்த்தார்கள்.

இவ்வளவு கணக்குப் பார்த்தும் பல திரைகள் ஆபரேட்டரைப் பாடாய்ப் படுத்தின. வரைகிறவர் திரையைப் பார்த்து வரைகிறார். தட்டுகிறவரோ திரையை அதிகம் பார்ப்பதில்லை. அவர் கண் பக்கத்தில் இருக்கும் விண்ணப்பத் தாளில் இருக்கிறது. நல்ல திரைக்கும் மோசமான திரைக்கும் வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

‘ஆட்டோஸ்கிப்’ என்ற வசதியை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டம் நிரம்பியதும் கர்சர் தானாகவே அடுத்த கட்டத்துக்குத் தாவும். தேதிக்கு இது வரப்பிரசாதம். எப்போதும் ஆறு இலக்கம், எப்போதும் நிரம்பும், டேப் விசையைத் தொடவே வேண்டாம். இதே வசதியை முகவரிக்கு வைத்தால்? முகவரியின் முதல் வரிக்கு 20 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான முகவரிகள் 12, 15 எழுத்தில் முடிந்துவிடும். ஆபரேட்டர் டேப் தட்டி அடுத்த வரிக்குப் போவார். நாள் முழுக்கக் கை அப்படியே பழகியிருக்கும். திடீரென்று சரியாக 20 எழுத்தில் முடிகிற முகவரி ஒன்று வரும். கர்சர் தானாகத் தாவிவிடும். கையோ வழக்கம்போல டேப்பைத் தட்டும். இரண்டாவது வரி காலியாக நிற்க, தெருப் பெயர் ஊர் கட்டத்தில் போய் உட்காரும். கண் தாளில் இருப்பதால் அவருக்குத் தெரியாது. எழுத்துதானே, கம்ப்யூட்டரும் மறுக்காது.

இதற்கு மருந்து எளிது. நீளம் மாறுகிற கட்டங்களுக்குப் பின்னால் தாவ விடாத, பூட்டிய இடம் ஒன்றை வைக்க வேண்டும். கட்டம் நிரம்பினால் கர்சர் அங்கே நிற்கும். டேப் தட்டினால் சரியான இடத்துக்குப் போகும். 21ஆவது எழுத்தைத் தட்டினால் கீபோர்டு பூட்டிக்கொள்ளும். ஆபரேட்டர் நிமிர்ந்து பார்ப்பார். இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவருடைய பாலிசிப் பத்திரம் வீடு வந்து சேர்வதும் சேராததும் அந்த ஒரு பைட்டில் இருக்கிறது.

இன்னொரு கொடுமை, பிழையை ஒவ்வொன்றாகச் சொல்லும் திரை. 3270இல் என்டரைத் தட்டும் வரை என்ன அடித்தோம் என்பது மையக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தட்டியதும் பதில் வரும் வரை கீபோர்டு பூட்டு. அந்நாளில் 2,400 பிட் வேகத் தொலைபேசி இணைப்பில் முழுத் திரை ஒன்று வந்து சேர ஆறு விநாடிக்கு மேல் ஆகும். அதனால்தான் மாற்றிய கட்டங்களை மட்டும் அனுப்பும்படி டெர்மினலையே வடிவமைத்திருந்தார்கள். இப்படி விநாடிகளை மிச்சம் பிடித்துக் கொடுத்த இயந்திரத்தில், ‘தேதி தவறு’ என்று சொல்லி, திருத்தி அனுப்பினால் ‘தொகை தவறு’ என்று மறுபடி திருப்பி அனுப்புவது அநியாயம். தவறான கட்டங்கள் அத்தனையும் ஒரே தடவையில் பளிச்சிட வேண்டும், கர்சர் முதல் தவற்றில் போய் நிற்க வேண்டும், சரியாக அடித்தவை அழியவே கூடாது. மையக் கம்ப்யூட்டரில் இந்தத் திரைகளை நடத்தும் சிஐசிஎஸ் மென்பொருளுக்கு எழுதும் புரோகிராமில் கர்சரை அங்கே நிறுத்த, அந்தக் கட்டத்தின் நீளமாக மைனஸ் ஒன்று என்று எழுதினால் போதும்.

வரிசை விஷயத்தில் நான் முழுக்க ஆபரேட்டர் கட்சி. விண்ணப்பத் தாளில் பெயருக்கு அடுத்து தந்தை பெயர் இருந்தால் திரையிலும் அப்படியே இருக்க வேண்டும். டேட்டாபேஸில் எந்த வரிசையில் இருக்கிறது என்பது தட்டுகிறவருக்குத் தேவையில்லாத செய்தி. தாளே குளறுபடியாக இருந்தால் முதலில் தாளைத் திருத்தி அச்சடிக்க வேண்டும். அதைக் கேட்கும் துணிச்சல் திரை வரைகிறவருக்கு வேண்டும்.

ஒரு திரையில் வெளியேறும் விசை அடுத்த திரையில் பதிவை அழிக்கும் விசையாக இருந்தால் என்ன ஆகும்? எஃப்3 என்றால் வெளியேறு, எஃப்12 என்றால் ரத்து என்று ஐபிஎம் 1987இல் பொது விதி வகுத்த கதை அடுத்த வாரம்.